சராசரிக்குக் கீழே ஒரு நாற்காலி

இருபத்தேழு வருஷமாக அந்த அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு அவர் செய்துவந்த வேலை ஒன்றே ஒன்றுதான்: நன்றாக நின்றுகொண்டிருக்கிற கட்டடங்களைக் காகிதத்தில் தள்ளிவிடுவது. ஊரில் உள்ள பாலங்கள், மொட்டைமாடிகள், தண்ணீர்த் தொட்டிகள், பள்ளிக்கூடக் கூரைகள் எல்லாம் அவர் மேசைமேல் ஒரு தடவையாவது இடிந்து விழுந்திருக்கின்றன. சில தொட்டிகள் மூன்று தடவை. வெளியே வந்து பார்த்தால் அவை பாட்டுக்கு நின்றுகொண்டிருக்கும், தங்களுக்கு என்ன நடந்தது என்றே தெரியாமல்.

எது எந்தப் பாரத்தில் விழும் என்று சொல்ல அந்த அலுவலகத்தில் மூன்று பேர் இருந்தார்கள். மூவரில் எப்போதும் சின்ன எண்ணைச் சொல்கிறவர் இவர். ஒரு பாலத்தைப் பார்த்து மற்ற இருவரும் இருபது லாரி தாங்கும் என்றால், இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பதினொன்று என்பார். அதனால் அவருக்குக் 'குறைச்சல்' என்று பெயர் விழுந்துவிட்டது. "அவருக்கு என்னப்பா குறைச்சல்?" என்று வெளியாள் யாராவது தெரியாமல் கேட்டுவிட்டால் அந்த அறை முழுக்கச் சிரிக்கும். நாம் கொஞ்சம் மரியாதை சேர்த்துக் குறைச்சலார் என்று வைத்துக்கொள்வோம்.

உறவுக்காரர்கள் நடுவிலும் அவருக்குப் பெரிய வரவேற்பு இல்லை. மைத்துனன் புது வீடு கட்டி எல்லோரையும் கூப்பிட்டிருந்தான். வந்தவர்கள் தரையைப் பார்த்து, ஜன்னலைப் பார்த்து, அலமாரியைத் திறந்து பார்த்துப் பாராட்டிக்கொண்டிருந்தபோது, குறைச்சலார் மட்டும் கூடத்தின் நடுவில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார். "மாடில தொட்டி எவ்வளவு கொள்ளும்?" என்று கேட்டார். ஐயாயிரம் லிட்டர் என்றான் மைத்துனன், பெருமையாக. "நிரப்பாதீங்க" என்றார் இவர். அன்றைக்கு அந்த வீட்டில் பேச்சு நின்றதுதான். அதற்குப் பிறகு எப்போது அழைத்தாலும் மைத்துனன் ஒரு நிபந்தனை வைப்பான்: "வாங்க மாமா, கண்டிப்பா வாங்க. ஆனா மேல பாக்காதீங்க."

விழும் பாரத்தைக் கணக்கிடும் முறை கேட்க எளிதானது. கட்டடம் எப்படி விழும் என்று முதலில் நீங்களே மனதுக்குள் விழவைத்துப் பார்க்க வேண்டும். இந்த உத்தரம் நடுவில் முறியும், இரண்டு முனையிலும் கதவுக்கீல் மாதிரி மடங்கும் என்று ஒரு வழியை வைத்துக்கொள்கிறீர்கள். அப்படி மடக்குவதற்கு எவ்வளவு பாரம் வேண்டும் என்று கணக்குப் போட்டால் ஒரு எண் வரும். விஷமம் இங்கேதான் இருக்கிறது. வந்த எண் கட்டடத்தின் எண் அல்ல, நீங்கள் நினைத்த வழியின் எண். அதைவிடச் சுலபமான வழி ஒன்று கட்டடத்துக்குக் கிடைத்தால் அது உங்களைக் கேட்டுக்கொண்டிருக்காது, முன்னாலேயே விழுந்துவிடும். ஆகவே உங்கள் எண் சரியாக இருக்கலாம், இல்லை அதிகமாக இருக்கலாம். குறைவாக மட்டும் இருக்காது. பத்து வழி யோசித்துப் பத்து எண் வந்தால் இருப்பதிலேயே சின்னதை எடுத்துக்கொண்டு மற்ற ஒன்பதையும் கிழித்துப் போட வேண்டியதுதான். விழுவதற்கு ஒரு வழி போதும்.

குறைச்சலாரின் எண் சின்னதாக இருந்ததற்குக் காரணம் பயம் என்று அலுவலகம் நினைத்தது. அப்படி இல்லை. மற்றவர்கள் இரண்டு வழி யோசித்துவிட்டு டீ குடிக்கப் போகும்போது இவர் ஏழாவது வழியை யோசித்துக்கொண்டிருப்பார். அவ்வளவுதான். இதற்காக மூன்று தடவை பதவி உயர்வு அவர் தலைக்கு மேலாகவே போயிற்று. அது போகும்போது எவ்வளவு பாரம் இறங்கியது என்றும் கணக்குப் போட்டிருப்பார் என்று சொல்லிச் சிரித்தார்கள்.

இப்படிப்பட்டவர் வீட்டில்தான் அந்தப் பேச்சு வந்தது. ஊர் மன்றத்தைப் புதுப்பித்து, வருகிற சனிக்கிழமை திறக்கப்போகிறார்கள். அந்த மன்றத்தில் தரைத்தளத்துக்கு மேலே, பின்பக்கச் சுவரிலிருந்து நீண்டு தொங்கும் பெரிய கேலரி ஒன்று உண்டு. நானூறு இருக்கை. திறப்பு விழாவில் கேலரியிலிருந்தே பாடப்போவது அவர் மனைவி இருக்கும் பாட்டுக்குழு.

"அறுபது பேரும் கேலரிலதான் நிக்கிறோம். முன்வரிசை. படிக்கட்டு மூலைல நான். தனிப்பாட்டு எனக்குத்தான் குடுத்திருக்காங்க" என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

"படிக்கட்டு மூலையா?"

"ஆமா. ஏன் முகம் அப்படிப் போகுது?"

"காலால தாளம் போடுவீங்களா?"

"பின்ன, போடாம?"

"எத்தனை பேரு?"

"அறுபது பேரும் ஒண்ணாத்தான். ஆளுக்கொரு நேரத்துல போட்டா அதுக்குப் பேர் பாட்டா, சந்தையா?"

குறைச்சலார் ஒரு காகிதத்தை இழுத்து ஏதோ எழுத ஆரம்பித்தார். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அது என்ன எழுபத்தஞ்சு?"

"ஒரு ஆள். எழுபத்தஞ்சு கிலோ."

"யாரு, நானா?"

"நீ மட்டும் இல்ல. கணக்குல எல்லாருமே எழுபத்தஞ்சுதான்."

"எதிர் வீட்டு டீச்சரும் எழுபத்தஞ்சு, நானும் எழுபத்தஞ்சா? நல்லா விளங்கும் உங்க கணக்கு!" மடித்த துணியைத் தூக்கிக்கொண்டு எழுந்தவள், வாசற்படியில் நின்று திரும்பினாள். "நாலு மாசமா பாடிப் பாடித் தொண்டை வத்திப் போயிருக்கு. இதுலயும் வந்து ஏதாவது குறை சொன்னீங்க, அப்புறம் பாருங்க."

படிக்கட்டு மூலை குறைச்சலாருக்கு ஏற்கெனவே தெரிந்த மூலை. புதுப்பிக்கும்போது, மேலே போக வசதியாக இருக்கட்டும் என்று கேலரித் தளத்தையே ஒரு மூலையில் வெட்டித் திறந்து புதுப் படிக்கட்டு வைத்திருந்தார்கள். வெட்டியதில் தளத்தைத் தாங்கிய உத்தரம் ஒன்றும் சேர்ந்து போய்விட்டது. அந்தத் திறப்பைச் சுற்றித் தளம் எப்படி மடங்கும் என்று அவர் வரைந்து பார்த்திருந்தார். முந்நூற்று முப்பது ஆளில் விழும். ஒன்றரை மடங்கு பாதுகாப்பு வைத்தால் இருநூற்று இருபது பேரை ஏற்றலாம். அதற்கு மேல் ஒருத்தரைக்கூட ஏற்றக் கூடாது.

மறுநாள் குழு கூடியது. தலைமைப் பொறியாளரை எல்லோரும் பெரிய சார் என்பார்கள். யார் மனமும் நோகாமல் இருபது வருஷம் அலுவலகத்தை நடத்தியவர். அதனால் எதிலும் ஒரு முடிவும் எடுக்காதவர். அவருக்கு வலப்பக்கம் மூத்த பொறியாளர். 'இந்த ஆபீசுக்கே நான்தான் தூண்' என்று அவரே அடிக்கடி சொல்வதால் அவர் பெயர் தூண். இடப்பக்கம் கணினியில் கணக்குப் போடும் பெண் பொறியாளர். அவருடைய அறிக்கைகள் நீலமும் பச்சையும் சிவப்புமாக வண்ணப் படங்களோடு வரும். ஆகவே கலர்ப்படம் மேடம்.

"மூணு பேரும் மூணு மாதிரி சொன்னா நான் எதைத்தான் எடுத்துக்கறது?" என்று ஆரம்பித்தார் பெரிய சார். "தூண் சார் தொள்ளாயிரம்கிறார். மேடம் எழுநூத்தி எண்பது. நம்ம குறைச்சல் சார் முந்நூத்தி முப்பது."

"இருக்கிறதுலயே சின்னதை எடுக்கணும் சார். அதுதான் முறை."

"அடேங்கப்பா!" என்றார் தூண். "சின்ன எண்ணைச் சொல்றதும் இவரே. அப்புறம் சின்னதைத்தான் எடுக்கணும்னு சொல்றதும் இவரே. நல்லா இருக்கே கதை!"

கலர்ப்படம் மேடம் தன் படத்தைப் புரட்டிப் பார்த்தார். படம் முழுக்க நிம்மதியான நீலம். "சார், எனக்குக் குடுத்தது பழைய வரைபடம். அதுல இந்தப் புதுப் படிக்கட்டே இல்ல. நான் வேணா திரும்ப..."

"வேணாம் வேணாம். நீங்க உழைச்சது உழைச்சதுதான்" என்று பெரிய சார் அவரைத் தடுத்தார். "யார் உழைப்பும் வீணாகக் கூடாது. மூணையும் கூட்டி மூணால வகுத்துடுவோம்."

குறைச்சலார் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"சார், விழறதுக்கு சராசரி கிடையாது. ஒரு வீட்டுக்கு மூணு கதவு இருக்குன்னு வெச்சுக்குங்க. ரெண்டுக்கு நல்ல பூட்டு. மூணாவதுல வெறும் கயிறு கட்டியிருக்கு. திருடன் வந்து மூணையும் கூட்டி வகுத்துப் பாத்துட்டா உள்ள வருவான்?"

"அந்த வீட்டுல இதுவரைக்கும் திருட்டுப் போயிருக்கா?" என்று கேட்டார் பெரிய சார்.

"இல்ல, நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன்..."

"பாத்தீங்களா? போகல."

கூட்டினார்கள், இரண்டாயிரத்துப் பத்து. வகுத்தார்கள், அறுநூற்று எழுபது. பாதுகாப்புக்காக ஒன்றரையால் வகுத்தாலும் நானூற்று நாற்பத்தாறு பேர் ஏறலாம். இருக்கையோ நானூறுதான். இன்னும் நாற்பத்தாறு பேருக்கு இடம் மிச்சம் இருக்கிறதே என்று தூண் வருத்தப்பட்டார். தொள்ளாயிரம் பேர் தாங்கும் ஒரு வழி, எழுநூற்று எண்பது பேர் தாங்கும் ஒரு வழி, முந்நூற்று முப்பதில் விழும் ஒரு வழி, மூன்றும் கைகுலுக்கிக்கொண்டு சமாதானமாகப் போனதாகக் குறிப்பு எழுதப்பட்டது. கட்டடத்துக்கு அதன் நகல் அனுப்பப்படவில்லை.

ஆனால் விதிப்படி ஒன்று பாக்கி இருந்தது. திறப்பதற்கு முன் பாரம் ஏற்றிச் சோதிக்க வேண்டும். நானூறு பேருக்கு அனுமதி என்றால் அதற்கு மேல் கால் பங்கு கூட்டி, ஐந்நூறு பேரின் எடைக்கு மணல் மூட்டை அடுக்க வேண்டும். இருபத்தைந்து கிலோ மூட்டை. மூன்று மூட்டை ஒரு ஆள். இந்தச் சோதனையோடு ஒட்டிக்கொண்டு வந்த ஒரு வழக்கமும் உண்டு. மேலே மூட்டை ஏறும்போது, கணக்குப் போட்டவர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எந்தக் காலத்தில் எவர் ஆரம்பித்தாரோ, எழுத்தில் எங்கும் இல்லை, மீறினவரும் இல்லை. என்ன ஆயிற்று என்றால், வருஷம் போகப் போக நாற்காலி நகர ஆரம்பித்தது. முதலில் நேர் கீழே இருந்தது ஓரத்துக்கு வந்தது. ஓரத்திலிருந்து வாசலுக்கு. போன வருஷம் ஒரு தண்ணீர்த் தொட்டிச் சோதனையில் தூண் எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்து, "இங்கேருந்து பாத்தா முழுசாத் தெரியுது" என்றார்.

குறைச்சலார் மூட்டை மேஸ்திரியைத் தேடிக்கொண்டு போனார். மணல் குவியல் பக்கத்தில் நின்று மூட்டை தைப்பதை மேற்பார்த்துக்கொண்டிருந்தார் மேஸ்திரி.

"மேஸ்திரி, நாற்காலில இருக்கறவர் பாதில எந்திரிச்சிட்டா என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்றது? நாங்களும் இறங்கிடுவோம். கணக்குப் போட்டவரே எந்திரிச்ச பிறகு, மூட்டை தூக்கறவன் மேல நின்னு யாருக்கு வேடிக்கை காட்டறது?"

"பெரிய சார் ஏறச் சொன்னா?"

"அவரை முதல்ல ஏறச் சொல்லுவோம்."

குறைச்சலார் முகத்தில் கொஞ்ச நாளாக இல்லாத ஒரு களை வந்தது. தன் கணக்குப்படி இருநூற்று இருபது பேருக்கு அனுமதி. அதற்குச் சோதனைப் பாரம் இருநூற்று எழுபத்தைந்து ஆள். அது வரைக்கும் உட்கார்ந்திருப்பது. எட்டினதும் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு வெளியே வருவது. மூட்டை அதோடு நிற்கும். சோதிக்காத பாரத்துக்கு விதிப்படி அனுமதி தர முடியாது. சராசரி தானாகச் செத்துப்போகும். மூன்று தடவை பதவி உயர்வு தவறியவருக்கு இவ்வளவு சாமர்த்தியம் இருக்கும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அதிருக்கட்டும் சார்" என்றார் மேஸ்திரி. "நாங்க பன்னெண்டு பேரு மேல நிப்போமே, எங்க எடை கணக்குல இருக்கா?"

இல்லை. தொள்ளாயிரத்திலும் இல்லை, எழுநூற்று எண்பதிலும் இல்லை, குறைச்சலாரின் தாளிலும் இல்லை. அவர் தலையைச் சொறிந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை மன்றத்தில் எல்லோரும் கூடினார்கள். முதல் சிக்கல் நாற்காலியிலேயே வந்தது. சராசரி யாருடைய கணக்கு? மூன்று பேருடையதும் இல்லை என்று மூன்று பேரும் சொன்னார்கள். அப்படியானால் மூன்று பேரும் உட்கார வேண்டும் என்று பெரிய சார் தீர்ப்புச் சொன்னார். சொல்லிவிட்டு, விருந்தாளி யாராவது வந்தால் வரவேற்க ஆள் வேண்டுமே என்று வாசலுக்குப் போய்விட்டார். தூணுக்கு இடுப்பு வலி. "உக்காந்தா எந்திரிக்க முடியாது, அதான் யோசிக்கிறேன்" என்றார்.

"தொள்ளாயிரம் தாங்கும்னீங்களே சார், எந்திரிக்க வேண்டிய அவசரம் என்ன வரப்போகுது?" என்றார் கலர்ப்படம் மேடம். தூண் உட்கார்ந்தார்.

குறைச்சலார் டேப்பை எடுத்து அளந்து, மூன்று நாற்காலியையும் கேலரியின் நேர் கீழே போட்டார். படிக்கட்டு மூலைக்கு அடியில் ஒரு அளவுமானி பொருத்தினார். தளம் எத்தனை மில்லிமீட்டர் தாழ்கிறது என்று அதன் முள் காட்டும். கூடவே, சுவர்ப்பக்கத்திலும் ஒன்றைப் பொருத்தினார். ஏன் பொருத்தினார் என்று பின்னால் பல பேர் கேட்டார்கள். பெட்டியில் இரண்டு இருந்தது, அதனால்தான்.

மூட்டை ஏற ஆரம்பித்தது. ஐம்பது ஆளின் பாரம், இருபது நிமிஷம் காத்திருப்பு, முள்ளைப் படிப்பது, மறுபடி ஐம்பது. ஐம்பதுக்கு இரண்டு மில்லிமீட்டர். நூறுக்கு நான்கு. நூற்றைம்பதுக்கு ஆறு. இஸ்திரி போட்ட மாதிரி போய்க்கொண்டிருந்தது கணக்கு. கலர்ப்படம் மேடம் நிமிர்ந்து பார்க்காமல் குறித்துக்கொண்டே வந்தார். தூணுக்குத் தைரியம் வந்துவிட்டது.

"என்ன குறைச்சல், கம்முனு இருக்கீங்க? மேல பாத்துப் பாத்துக் கழுத்து சுளுக்கிக்கப் போகுது!"

"தலைக்கு மேல வேலை இருக்கு சார்."

அப்போதுதான் அது அவர் மனதில் நெருடியது. இந்த முந்நூற்று முப்பதும் என்ன? நான் யோசித்த ஒரு வழியின் எண்தானே? தொள்ளாயிரம் அதிகமாக இருக்கலாம் என்றால் இதுவும் அதிகமாக இருக்கலாம். தூணைப் பார்த்துச் சிரித்த வாயால் தன்னைப் பார்த்து ஒரு தடவைகூட அவர் இதைக் கேட்டுக்கொண்டதில்லை. இருபத்தேழு வருஷமாக இருப்பதிலேயே சின்ன எண் தன்னுடையதாக இருந்ததில், அதுதான் கடைசி எண் என்ற ஒரு மமதை எப்படியோ உள்ளே வந்து குடியேறியிருந்தது. ஏழு வழி யோசித்தவன் எட்டாவது வழியே கிடையாது என்று நினைத்துக்கொள்வதற்கும், இரண்டு யோசித்தவன் மூன்றாவது கிடையாது என்று நினைப்பதற்கும் என்ன பெரிய வித்தியாசம்? நாற்காலி திடீரென்று சுட்டது.

இருநூறாவது ஆளின் பாரம் ஏறி முடிந்தது. படிக்கட்டு மூலையின் முள் எட்டில் நின்றது. சரியாக இருந்தது. அவர் மூச்சு விட்டுக்கொண்டு, சும்மா சுவர்ப்பக்கத்து முள்ளையும் பார்த்தார். அது மூன்றில் இருந்தது. மறுபடி பார்த்தார். நான்கு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஐந்தரை.

மேலே யாரும் மூட்டையைத் தொடவில்லை. ஆட்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மூட்டை ஏறவில்லை, முள் ஏறிக்கொண்டிருந்தது.

அவர் கணக்கில் சுவர்ப்பக்கம் விழுவது என்ற பேச்சே இல்லை. அங்கே உத்தரங்கள் சுவருக்குள் முழங்கை ஆழம் செருகியிருக்கின்றன. வரைபடத்தில் அப்படித்தான் இருந்தது. நேரில் பார்த்திருக்கலாம், ஃபால்ஸ் சீலிங் போட்டு மூடிவிட்டிருந்தார்கள், ஒரு பலகையைக் கழற்றச் சொன்னால் வண்ணம் கெட்டுவிடும் என்றார்கள், அவரும் விட்டுவிட்டார். அந்தப் பலகைகளின் இடுக்கிலிருந்து இப்போது பொடிப்பொடியாகச் சுண்ணாம்பு உதிர்ந்தது.

அவர் எழுந்தார். இருநூற்று எழுபத்தைந்துக்கு எழுந்து வேட்டியைத் தட்டிக்கொள்வதாக இருந்தவர், இருநூறில், வேட்டியைப் பற்றிய நினைவே இல்லாமல் எழுந்தார்.

"மேஸ்திரி! எல்லாரும் இறங்குங்க. மூட்டையைத் தொடாதீங்க. அந்தப் பக்கத்துப் பழைய படி வழியா, ஒவ்வொருத்தரா. ஓடாதீங்க!"

மேஸ்திரி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சோதனையில் அவர் பார்ப்பது கேலரியை அல்ல, நாற்காலியை. பன்னிரண்டு பேரும் ஒருவர் பின் ஒருவராக, குழந்தை தூங்கும் அறையில் நடப்பது போல நடந்து இறங்கினார்கள். கலர்ப்படம் மேடம் தன் மடிக்கணினியை விட்டுவிட்டு வெளியே வந்தார். இடுப்பு வலிக்காரர் எல்லோருக்கும் முன்னால் வாசலைக் கடந்து, பெரிய சாரையும் கடந்து, சாலையில் நின்றார்.

"என்னாச்சு? ஏன் நிறுத்தினீங்க? பாதிகூட ஏறலையே!" என்று பெரிய சார் உள்ளே ஒரு காலை வைத்தார்.

குறைச்சலார் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அலுவலக வரலாற்றில் ஒரு மேலதிகாரியின் சட்டை பிடித்து இழுக்கப்பட்டது அதுவே முதல் தடவை. அதற்கு விளக்கம் கேட்க நேரம் கிடைக்கவில்லை. உள்ளே ஏதோ நீளமாக முனகியது. பிறகு சுவர்ப்பக்கம் விட்டுக்கொடுத்தது. கேலரி படீரென்று விழவில்லை. அலுத்துப்போன ஆள் உட்காருவதுபோல மெதுவாகத் தாழ்ந்தது. முன்பக்கம் சாய, மூட்டைகள் ஒவ்வொன்றாகச் சறுக்கி விழ ஆரம்பித்து, பிறகு எல்லாம் சேர்ந்து விழுந்தன. மூன்று நாற்காலிகளும் இருந்த இடத்தில் மணல் மேடு.

புழுதி அடங்கினபோது உடைந்த ஃபால்ஸ் சீலிங்குக்குப் பின்னால் தெரிந்தது. சுவர் நெடுக ஏசி குழாய் போவதற்கு வழிவிட்டு, ஐந்து உத்தரங்களின் வேரையும் ஒருவர் அழகாக வட்டமாகக் குடைந்திருந்தார். வேலை சுத்தமாக இருந்தது. வரைபடத்தில்தான் இல்லை.

யாருக்கும் கீறல்கூட இல்லை. மேஸ்திரி தன் ஆட்களை இரண்டு தடவை எண்ணினார். பிறகு குறைச்சலாரிடம் வந்து, அவர் தோளில் படிந்திருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டுப் போனார்.

தூண் முதலில் சுதாரித்துக்கொண்டார். "மணல் ஈரம். ஈரமா இருந்தா கனம் கூடும். நான் அப்பவே நினைச்சேன்."

பெரிய சார் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் இருபது வருஷ அனுபவம் வீண்போகவில்லை. ஐந்து நிமிஷத்தில் அவர் குறைச்சலாரின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். "நீங்க சொன்னதுதான் சார் நடந்துச்சு! உங்க எண்ணு எவ்வளவு கரெக்ட்டு பாத்தீங்களா? அறிக்கைல முதல் வரியே அதுதான். குழுவின் தொலைநோக்குப் பார்வையால்..."

இருபத்தேழு வருஷத்தில் யாரும் அவர் எண்ணைச் சரி என்று சொன்னதில்லை. முதல் தடவையாகச் சொல்கிறார்கள். சும்மா தலையை ஆட்டினால் போதும். தவறிய மூன்று பதவி உயர்வுகளில் ஒன்றாவது திரும்பி வரக்கூடும்.

"இல்ல சார். நான் சொன்னது நடக்கல" என்றார் குறைச்சலார். "நான் படிக்கட்டு மூலைல விழும்னேன். விழுந்தது சுவர்ப்பக்கம். முந்நூத்தி முப்பதுல விழும்னேன், இருநூறுல விழுந்துடுச்சு. இருநூத்தி இருபது பேரை ஏத்தலாம்னு கையெழுத்துப் போடத்தான் நான் அந்த நாற்காலில உக்காந்திருந்தேன்."

"என்ன அடக்கம் பாருங்க!" என்றார் பெரிய சார், தூணைப் பார்த்து. "அடக்கமானவர்னும் சேத்து எழுதிடுவோம்."

அன்று மத்தியானம் அறிக்கை தட்டச்சாகி வந்தது. தொலைநோக்கு இருந்தது, முன்னெச்சரிக்கை இருந்தது, ஈர மணல் இருந்தது, அடக்கமும் இருந்தது. அடியில் குறைச்சலார் பேனாவால் ஒரு வரி சேர்த்தார்: மூன்று கணக்கும் தவறு, மூன்றிலும் சின்னது என்னுடையது என்பதால் அது சரியாகிவிடாது.

"இதை எழுதினா மூணு பேரும் தப்புன்னு ஆகிடுமே சார்" என்று கையைப் பிசைந்தார் பெரிய சார்.

"ஆகிடும்."

கலர்ப்படம் மேடம் அறிக்கையை வாங்கி, அந்த வரிக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டார். தூண் இடுப்பு வலிக்காக விடுப்பில் போயிருந்தார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி வாசலிலேயே நின்றாள். ஊருக்கே விஷயம் தெரிந்திருந்தது. அவர் தலையிலும் புருவத்திலும் இன்னும் வெள்ளை ஒட்டியிருந்தது. திட்டத் தயாராக நின்றவள் ஒரு துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்க எத்தனை பேர் நிக்கலாம்னு வெச்சிருந்தீங்க?"

"இருநூத்தி இருபது."

"விழுந்தது?"

"இருநூறு."

அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள். "அப்ப, நீங்க சொன்னபடியே கேட்டிருந்தாக்கூட..."

"ம்."

"அறுபது பேரும் தாளம் வேற போட்டிருப்போம்."

"அதையும் நான் கணக்குல சேக்கல" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைத்து முடித்த பிறகும்.

மனைவி உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "சரி, விடுங்க. எல்லாரும் உயிரோட இருக்காங்கல்ல. இப்பதான் டீச்சர் வந்து சொல்லிட்டுப் போனா. சனிக்கிழமை ஸ்கூல் மைதானத்துலயே பாடறோமாம். மேடைகூட இல்ல, வெறும் தரைதான். தரை தாங்கும்ல?"

இதற்கு முந்தைய நாள்வரைக்கும் என்றால் அவர் யோசிக்காமல் பதில் சொல்லியிருப்பார். தண்ணீரைக் குடித்தார். சொம்பைக் கீழே வைத்தார்.

"அடியில பழைய கிணறு ஏதாவது இருக்கான்னு நாளைக்கு ஒரு நடை போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றார்.

மறுநாள் காலை பள்ளிக்கூட மைதானத்தில், கடப்பாரையும் கையுமாக, நாலடிக்கு ஒரு தடவை தரையைக் குத்திக் குத்திக் காது கொடுத்துக் கேட்டபடி ஒருவர் போய்க்கொண்டிருந்ததைப் பார்த்துப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். தலைமையாசிரியர் வந்து என்ன சார் தேடுகிறீர்கள் என்று கேட்டார். தெரியவில்லை என்றார் குறைச்சலார். அடுத்த நாலடிக்கு நகர்ந்தார்.